பழைய புல்லட்டின் எச்.டி. காயில்: வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

வண்டி காலையில் நன்றாகத்தான் கிளம்பும். அரை மணி நேரம் குறை சொல்ல முடியாதபடி ஓடும். வெயில் ஏறி, சிக்னல் சிக்னலாக நின்று போகும்போது லேசாக மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் ஒரு இடத்தில் நின்றுவிடும், எத்தனை கிக் அடித்தாலும் கிளம்பாது. ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் ஒரே உதையில் கிளம்பிவிடும். பாயின்ட் (கரன்ட்டை அறுத்துப் பொறி வரவைக்கும் தொடர்பு முனைகள்) வைத்த பழைய புல்லட் ஓட்டுகிற யாரிடம் இதைச் சொன்னாலும் உடனே வரும் பதில், "காயில் போச்சு, மாத்திடு."

காயில் என்றால் எச்.டி. (ஹை டென்ஷன்) காயில், பேட்டரியின் சின்ன வோல்ட்டேஜைப் பிளக்குக்கு வேண்டிய பெரிய வோல்ட்டேஜாக மாற்றுவது. அதுவும் போயிருக்கலாம். ஆனால் கண்டென்சர் சூட்டில் செத்தாலும் இதே கதைதான். டாங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் இதேதான், உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காமல் நிற்கும், டீ குடித்து வருவதற்குள் தானாகச் சரியாகிவிடும். இக்னிஷன் சுவிட்ச் உள்ளே தேய்ந்து போயிருந்தாலும் கிட்டத்தட்ட இதேதான். இந்த நான்கில் காயில்தான் விலை கூடியது, டாங்கைக் கழற்றி மாற்ற வேண்டியதும் அதுதான், எல்லோரும் முதலில் மாற்றுவதும் அதைத்தான். அதனால் இங்கே காயிலை எப்படி மாற்றுவது என்று சொல்வதற்கு முன், அது உண்மையிலேயே போயிருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கு அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். மாற்றுவது எளிய வேலைதான். கண்டுபிடிப்பதில்தான் பணமும் நேரமும் வீணாகின்றன.

எல்லாவற்றையும் சி.பி. பாயின்ட் வைத்த சி.ஐ. (வார்ப்பிரும்பு) என்ஜின் புல்லட்டை வைத்தே சொல்கிறேன். ஒரு சிலிண்டர், ஒரு காயில், ஒரு பாயின்ட், ஒரு கண்டென்சர், ஒரு பேட்டரி. இதைப் புரிந்துகொண்டால் யெஸ்டி, ஆர்.டி.350 பைக்குகள் எல்லாம் இதன் நீட்சிதான். ஆர்.எக்ஸ்.100 மட்டும் வேறு சங்கதி, அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

காயிலுக்குள் என்ன நடக்கிறது

நடுவில் தகடு தகடாக அடுக்கிய இரும்பு. அதைச் சுற்றித் தடிமனான செம்புக் கம்பியில் சில நூறு சுற்றுகள், இது பிரைமரி. அதோடு சேர்த்து முடியை விட மெல்லிய கம்பியில் ஏறக்குறைய நூறு மடங்கு அதிகமான சுற்றுகள், இது செகண்டரி. எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு எண்ணெயோ எபாக்சியோ ஊற்றி அடைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான், உள்ளே அசையும் பாகம் எதுவும் கிடையாது.

சாவியைப் போட்டால் பேட்டரியிலிருந்து சுவிட்ச் வழியாகக் காயிலின் ஒரு முனைக்குக் கரன்ட் வருகிறது. பிரைமரியைக் கடந்து மறு முனை வழியாகப் பாயின்ட்டுக்குப் போகிறது. பாயின்ட் மூடியிருந்தால் அங்கிருந்து எர்த். கரன்ட் ஓடும்போது இரும்பில் காந்தப்புலம் ஏறி நிற்கும். என்ஜின் சுற்றி கேம் பாயின்ட்டைத் திறக்கும் அந்த நொடியில் கரன்ட் அறுபடுகிறது, காந்தப்புலம் சரிகிறது. வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று வால்வைப் போட்டு நிறுத்தினால் பைப்பே 'டக்' என்று அதிர்கிறதே, அதேபோல இங்கே பிரைமரியில் 12 வோல்ட்டுக்குப் பதிலாக 200, 300 வோல்ட் எழும்பும். செகண்டரியில் அது நூறு மடங்காகி 20,000 வோல்ட்டைத் தாண்டும் திறனோடு பிளக்கில் பாய்கிறது. சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் அமெரிக்காவில் காடிலாக் காருக்காக உருவாக்கிய முறை இது. நம் புல்லட்டில் இருப்பதும் அடிப்படையில் அதுவேதான்.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொறி வருவது பாயின்ட் மூடும்போது அல்ல, திறக்கும்போது. அந்த அறுபடல் எவ்வளவு சுத்தமாக நடக்கிறதோ அவ்வளவு பலமான பொறி. பாயின்ட் திறக்கும்போது அங்கேயே கரன்ட் தாவிக்கொண்டிருந்தால் காந்தப்புலம் மெதுவாகச் சரியும், பிளக்கில் பொறி மெலியும். அந்தத் தாவலைத் தடுக்கத்தான் கண்டென்சர், சுமார் 0.2 மைக்ரோஃபாரட் கொண்ட ஒரு சின்ன உருளை. கண்டென்சர் கெட்டால் புத்தம்புது காயிலும் செத்த காயில் மாதிரியே நடந்துகொள்ளும்.

இரண்டாவது, சாவி ஆனில் இருந்து, என்ஜின் ஓடாமல், பாயின்ட் மூடிய நிலையில் நின்றால் காயிலில் ஓயாமல் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 36 வாட், அவ்வளவும் டப்பாவுக்குள் சூடாகிறது. பழைய வண்டிகளில் காயில்கள் சாவதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன். சாவியைப் போட்டு வைத்துவிட்டு நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள், குழந்தைகள் வண்டியில் ஏறி விளையாடும் வீடாக இருந்தால் சாவியை எடுத்து உள்ளே வையுங்கள்.

ஆம்பியர் மீட்டரைப் படியுங்கள்

புல்லட்டில் ஹெட்லைட் தலைப்பகுதியிலேயே சின்னதாக ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க மட்டும் அது என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இக்னிஷன் கோளாறைக் கண்டுபிடிக்க வண்டியோடு வந்த மிகச் சிறந்த கருவி அதுதான், அதை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது ஒவ்வொரு புல்லட்காரரும் செய்ய வேண்டிய காரியம்.

விளக்குகள் எல்லாவற்றையும் அணையுங்கள். சாவியைப் போடுங்கள். சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை கையாலோ காலாலோ மெதுவாக, மிக மெதுவாக அழுத்தி என்ஜினைச் சுற்றுங்கள். முள்ளைப் பாருங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் லேசாக விழும், திறந்ததும் நடுவுக்குத் திரும்பும், இன்னும் சுற்றினால் மறுபடி விழும். இப்படி விழுந்து எழுந்தால் பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், காயிலின் பிரைமரி, பாயின்ட் வரை ஒரு முழுச் சுற்று உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். டாங்கைக் கழற்றாமல், ஒரு ஸ்பேனரைத் தொடாமல் பாதி வேலை முடிந்தது.

முள் அசையவே இல்லையென்றால் எங்கோ வழி அறுந்திருக்கிறது. முதலில் ஃபியூஸ், அப்புறம் பாயின்ட்டில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா, அப்புறம் சுவிட்ச், இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் பிரைமரி அறுந்த காயில். முள் மைனஸிலேயே நின்று எழவே மாட்டேன் என்கிறதா? அப்படியானால் பாயின்ட் திறக்கவில்லை, அதாவது கேமில் உரசும் ஃபைபர் தேய்ந்து பாயின்ட் இடைவெளி மூடிவிட்டது, இல்லையென்றால் பாயின்ட்டுக்குப் போகும் ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது, அதுவும் இல்லையென்றால் கண்டென்சர் உள்ளே ஷார்ட். இந்த மூன்றிலும் காயில் குற்றவாளி அல்ல. முள் நன்றாக ஆடுகிறது, ஆனால் பொறி இல்லை அல்லது மெலிந்திருக்கிறது என்றால் இப்போதுதான் காயில், கண்டென்சர், பிளக் ஒயர், பிளக் கேப் இவற்றுக்கு வர வேண்டும்.

பொறியைச் சரியாகப் பார்ப்பது

பிளக்கைக் கழற்றி, கேப்போடு சேர்த்து, சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தில் படும்படி வைத்து கிக் அடித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அது போதாது. வெளிக்காற்றில் 0.6 மி.மீ. இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவையில்லை, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிய கலவைக்கு நடுவே தாண்டத்தான் பலம் வேண்டும். வெளியே அழகாகப் பொறி வரும், உள்ளே மாட்டினால் வண்டி கிளம்பாது, ஆள் குழம்பிப் போவார். அதனால் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு ஒயரின் செம்பு முனையை ஹெட்டிலிருந்து 5, 6 மி.மீ. தள்ளி நிற்கும்படி மரக்குச்சியிலோ கிளிப்பிலோ கட்டி வைத்துக் கிக் அடியுங்கள். அந்தத் தூரத்தை நீலமாக, 'டிக்' என்று சத்தத்தோடு தாண்டினால் காயில் நலம். மஞ்சளாக நூல் மாதிரி வந்தாலோ விட்டுவிட்டு வந்தாலோ பலவீனம்.

இதைச் செய்யும்போது ஒயரைக் கையில் பிடிக்காதீர்கள். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீச்சும், அதன் பக்கத்தில் பொறி வரக்கூடாது, ஓட்டையைப் பழைய பிளக் ஒன்றால் அடைத்துவிடுங்கள். இன்னொன்று, ஒயர் முனையை எர்த்துக்கு வழியே இல்லாமல் அந்தரத்தில் விட்டுவிட்டு கிக் அடிக்காதீர்கள். வெளியே போக வழியில்லாத வோல்ட்டேஜ் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைக் குத்திக்கொண்டு போகும். நன்றாக இருந்த காயிலைச் சோதனை என்ற பெயரில் கொல்ல இதுதான் வழி.

பொறி மெலிவு என்றால் உடனே பாயின்ட் மூடியைத் திறந்து, இருட்டில் வைத்துக் கிக் அடித்துப் பாருங்கள். பாயின்ட் முனைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு துளி வெளிச்சம் இயல்பு. பளிச்சென்று நீல வெள்ளையில் வெல்டிங் மாதிரி தெறித்தால் கண்டென்சர் போய்விட்டது, அதை மாற்றுங்கள், காயிலைத் தொடாதீர்கள். பாயின்ட்டைக் கழற்றி உற்றுப் பார்த்தாலும் தெரியும், ஒரு முனையில் குழி விழுந்து, மறு முனையில் அதே அளவுக்கு ஒரு கூம்பு வளர்ந்திருக்கும். அதை நைஸான உப்புத்தாளால் சமன் செய்து, ஒரு காகிதத்தில் பெட்ரோல் தொட்டு நடுவில் இழுத்துத் துடைத்து, பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். ஃபீலர் கேஜ் விலை ரொம்பக் குறைவு, கண்ணால் பார்த்து வைக்கும் பழக்கம் வேண்டாம்.

அப்புறம் பிளக் கேப். இதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. ரெசிஸ்டர் வைத்த கேப்பை மல்டிமீட்டரில் அளந்தால் சுமார் 5 கிலோ ஓம் வர வேண்டும். அளவே வராவிட்டாலோ பல மடங்கு ஏறியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். கேப்பைக் கழற்றும்போது ஒயர் முனையையும் பாருங்கள், செம்பு இழைகள் பச்சை பூத்துக் கருத்திருக்கும். அரை செ.மீ. வெட்டிவிட்டுப் புதிய முனையில் கேப்பைத் திருகி ஏற்றினால் பல வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும். இரவில் வண்டியை ஓடவிட்டு, பிளக் ஒயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து விளக்கை அணைத்துப் பாருங்கள். ஒயர் வெடித்திருந்தால் அந்த இடத்திலிருந்து ஃப்ரேமுக்கோ ஹெட்டுக்கோ நீலக் கீற்று ஓடுவது கண்ணுக்கே தெரியும். மழைக்காலத்தில் மட்டும் மக்கர் செய்யும் வண்டிகளில் இதுதான் முதல் சந்தேகம்.

மல்டிமீட்டரில் அளப்பது

காயிலின் ஒயர்களைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிடுங்கள். 0.3, 0.5 என்று ஏதாவது காட்டும், அது மீட்டர் ஒயரின் சொந்த அளவு, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் 1.5 ஓம் காயிலை 2 ஓம் என்று படிப்பவர்கள் உண்டு.

இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே பிரைமரி. பாயின்ட்டோடு ஓடும் 12 வோல்ட் காயிலுக்கு 3 முதல் 4.5 ஓம் வரை வர வேண்டும். 6 வோல்ட் காயில் என்றால் 1.5 ஓம் அருகில். பிறகு மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, நடுவில் இருக்கும் பிளக் ஒயர் குழிக்கும் ஒரு சின்ன முனைக்கும் நடுவே அளந்தால் செகண்டரி, காயிலைப் பொறுத்து சில ஆயிரம் ஓமிலிருந்து பத்துப் பதினைந்தாயிரம் வரை இருக்கும். டப்பா வகைக் காயிலில் எந்த முனைக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது.

சூடாக இருக்கும்போதும் ஒரு தரம் அளங்கள், கோளாறு வருவது சூட்டில்தானே. செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல ஏறும், 30 டிகிரியில் 4 ஓம் காட்டும் காயில் 80 டிகிரியில் 4.8 காட்டினால் பயப்பட வேண்டாம், அது இயற்கை. சட்டென்று அளவே காட்டாமல் போவதும், எதிர்பாராமல் பாதியாகக் குறைவதும்தான் கோளாறு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மீட்டர் தப்பு என்று காட்டினால் காயில் நிச்சயம் தப்பு. ஆனால் மீட்டர் சரி என்று காட்டினால் காயில் சரி என்று அர்த்தமில்லை. மீட்டர் தன் சின்ன பேட்டரியின் வோல்ட்டேஜில் அளக்கிறது, காயில் வேலை செய்வதோ இருபதாயிரம் வோல்ட்டில். மெல்லிய கம்பிகளுக்கு நடுவே வார்னிஷ் வெந்து போயிருந்தால் அந்த வோல்ட்டேஜில்தான் உள்ளுக்குள்ளேயே தாவும், மீட்டருக்கு அது தெரியாது. இறுதித் தீர்ப்பு ஒன்றுதான், நன்றாக ஓடும் வேறு வண்டியிலிருந்து ஒரு காயிலை இரவல் வாங்கி, ஃப்ரேமில் டேக் போட்டு கட்டி, ஒயரை மாற்றி மாட்டி, கோளாறு வழக்கமாக வரும் அதே வெயிலில் அதே தூரம் ஓட்டிப் பாருங்கள். நின்றால் காயில் மேல் பழியில்லை.

ஆர்.டி.350 வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி வண்டியிலேயே உண்டு. 1983-இல் ராஜ்தூத் பெயரில் வந்த அந்த வண்டியில் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில், தனிப் பாயின்ட், தனிக் கண்டென்சர். இடது சிலிண்டர் படுத்தால் காயில்களை மட்டும் இடம் மாற்றுங்கள். கோளாறும் வலதுக்குப் போனால் காயில், இடத்திலேயே நின்றால் வேறு ஏதோ.

காயிலுக்கு வந்து சேரும் வோல்ட்டேஜ்

பேட்டரியில் 12.5 இருக்கிறது என்பதால் காயிலுக்கும் 12.5 போகிறது என்று நினைக்காதீர்கள். நடுவில் ஃபியூஸ் ஹோல்டர், முப்பது வருஷத்துச் சுவிட்ச், யாரோ முறுக்கி டேப் ஒட்டிய ஜாயின்ட் எல்லாம் இருக்கின்றன. சாவியைப் போட்டு, பாயின்ட் மூடிய நிலையில், கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலின் பிளஸ் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளங்கள். பேட்டரியை விட அரை வோல்ட் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 9 வோல்ட்தான் வருகிறது என்றால் பாருங்கள், காயிலில் சேரும் சக்தி கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, முக்கால் பங்கு வோல்ட்டேஜ் என்றால் சக்தி பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இந்த வண்டிக்கு எந்தப் புதுக் காயிலைப் போட்டாலும் பொறி மெலிந்தே இருக்கும். சுவிட்ச்சை மாற்றினால் பழைய காயிலே ஜொலிக்கும். அதே நிலையில் காயிலின் மைனஸ் முனையையும் அளங்கள், 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பாயின்ட் முனை அழுக்கு, அல்லது பாயின்ட் தட்டின் எர்த் சரியில்லை.

எந்தக் காயில் வாங்குவது

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, காயில்தான் போயிருக்கிறது. வாங்கப் போகும் முன் உங்கள் வண்டி இப்போது 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று பேட்டரியைப் பார்த்து உறுதி செய்யுங்கள், ஆர்.சி. புத்தகத்து வருஷத்தை நம்பாதீர்கள். 1955-இல் என்ஃபீல்டு இந்தியா சென்னையில் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ தலைமுறை வண்டிகள் வந்துவிட்டன, 6 வோல்ட்டில் பிறந்த வண்டியை இடையில் வந்த உரிமையாளர் 12 ஆக மாற்றியிருப்பார், காயிலை மட்டும் மாற்றாமல் விட்டிருப்பார். 1.5 ஓம் காயிலில் 12 வோல்ட் போனால் 8 ஆம்பியர் ஓடும். பாயின்ட் கருகும், காயில் தொட முடியாமல் கொதிக்கும். மாறாக 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் காயிலைப் போட்டால் எதுவும் கெடாது, ஆனால் இரண்டு ஆம்பியர் ஓடினாலே அதிகம், கிக் அடித்தே கால் வீங்கும்.

சென்னையில் இருப்பவர்கள் புதிதாக வாங்க ஜி.பி. ரோடு, பழையதில் நல்லதாகத் தேட புதுப்பேட்டை. எங்கே போனாலும் மல்டிமீட்டரைக் கொண்டு போங்கள். கடையிலேயே அளங்கள், நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். லேபிளில் 12 வோல்ட் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. எலக்ட்ரானிக் இக்னிஷன் கார்களுக்கான காயில்களும் 12 வோல்ட்தான், ஆனால் அவற்றில் பலவற்றின் பிரைமரி 1 ஓம் அருகில் இருக்கும், அதைப் பாயின்ட்டோடு மாட்டினால் பாயின்ட் சீக்கிரம் தீரும். சில கார் காயில்கள் வெளியே தனி ரெசிஸ்டர் வைத்து ஓடுவதற்காகச் செய்தவை, டப்பாவிலேயே அப்படி எழுதியிருக்கும், அவையும் வேண்டாம். பாயின்ட் வழியாக 4 ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது, அதாவது 12 வோல்ட்டுக்கு 3 ஓமுக்குக் குறையாத பிரைமரி. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். பாயின்ட் வைத்த பழைய கார்களின் 3 ஓம் டப்பாக் காயில் புல்லட்டுக்கு அருமையாகப் பொருந்தும், இடம்தான் கொஞ்சம் தேட வேண்டும்.

'பவர் காயில்', 'ரேசிங் காயில்' என்று விற்பதில் புல்லட்டுக்குப் பலன் இல்லை. 4000 ஆர்.பி.எம்.மில் பாயின்ட் கேம் ஒரு சுற்றுக்கு 30 மில்லி செகண்ட் எடுக்கிறது, காயில் நிரம்பச் சில மில்லி செகண்ட் போதும், வேண்டிய நேரம் இருக்கிறது. ஆர்.டி. மாதிரி ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி கேட்கும், 7500 வரை போகும் டூ ஸ்ட்ரோக்கில் ஒரு சுற்றுக்கே 8 மில்லி செகண்ட்தான், அதிலும் பாயின்ட் மூடியிருக்கும் நேரம் ஒரு பகுதி. அங்கே தளர்ந்த காயில் மேல் ஆர்.பி.எம்.மில் உடனே காட்டிக்கொடுக்கும்.

மாட்டுவது

பேட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள். பெட்ரோல் காக் குழாயை மூடி, பைப்பை எடுத்து, டாங்கின் முன், பின் போல்ட்டுகளைக் கழற்றி டாங்கைத் துணி விரித்த இடத்தில் வையுங்கள். பெரும்பாலான 12 வோல்ட் வண்டிகளில் காயில் டாங்குக்கு அடியில் ஃப்ரேமில் கிளாம்ப் போட்டு இருக்கும். கழற்றும் முன் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம், பல கை பட்ட வண்டி. காயிலிலிருந்து இரண்டு ஒயர்களையும் கழற்றி, ஒன்றோடொன்றும் ஃப்ரேமிலும் படாமல் பிரித்து வைத்துவிட்டு, பேட்டரியை ஒரு நிமிஷம் மாட்டி சாவியைப் போட்டால் எதில் 12 வோல்ட் வருகிறதோ அது சுவிட்ச் ஒயர். மற்றது பாயின்ட் ஒயர், என்ஜினைச் சுற்றும்போது பாயின்ட் மூடினால் எர்த்தோடு தொடர்பு காட்டும், திறந்தால் காட்டாது. மைனஸ் எர்த் வண்டியில் சுவிட்ச் ஒயர் காயிலின் பிளஸுக்கு, பாயின்ட் ஒயர் மைனஸுக்கு. பாஷ் வகைக் காயிலில் பிளஸ், மைனஸுக்குப் பதிலாக 15, 1 என்று இருந்தால் 15 சுவிட்ச்சுக்கு, 1 பாயின்ட்டுக்கு. பழைய லூகாஸில் எஸ்.டபிள்யூ. என்றால் சுவிட்ச், சி.பி. என்றால் பாயின்ட்.

மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடும், அதனால்தான் இந்தத் தவறு வருஷக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும். பிளக்கின் நடு முனைதான் அதிகச் சூடான முனை, சூடான முனையிலிருந்து எலக்ட்ரான்கள் எளிதாகக் கிளம்பும், அதனால் அந்த முனை மைனஸாக இருப்பதே நல்லது. தலைகீழாக இருந்தால் அதே பொறிக்குக் கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும், காயிலுக்கு வீண் சுமை.

பிளக் ஒயரைப் பழையதே போடாதீர்கள், செம்புக் கம்பி வைத்த 7 மி.மீ. ஒயர் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. குழிக்குள் கடைசி வரை தள்ளி, உலோகத்தைத் தொட்டதா என்று மீட்டரில் பார்த்துவிட்டு ரப்பர் மூடியை ஏற்றுங்கள். சின்ன முனைகளுக்கு நல்ல லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு அழுத்துங்கள், வெறும் கம்பியை முறுக்கி நட் போட்டால் புல்லட்டின் அதிர்வில் ஒரு நாள் நடுரோட்டில் அறுந்து நிற்கும். கிளாம்புக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றுங்கள், அதிர்வும் குறையும், டப்பாவும் தேயாது. டாங்கை வைக்கும்போது அதன் அடிப்பகுதி காயில் முனைகளில் இடிக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

கண்டென்சரையும் இப்போதே புதிதாகப் போட்டுவிடலாம். அது என்ஜின் ஓரத்தில், சூட்டிலேயே உட்கார்ந்திருப்பதுதான் பிரச்சினை. மின்சாரக் கணக்கில் பாயின்ட் ஒயரும் காயிலின் மைனஸ் முனையும் ஒரே புள்ளி, ஆகவே கண்டென்சரைக் காயில் பக்கத்திலேயே, காற்றுப் படும் இடத்தில் வைத்து மைனஸ் முனையில் இணைக்கலாம். அதன் உடல் ஃப்ரேமின் வெறும் உலோகத்தில் பட வேண்டும், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இதை ஒவ்வொரு பாயின்ட் புல்லட்டிலும் செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

எல்லாம் மாட்டியதும் மறுபடி ஆம்பியர் மீட்டர் சோதனை, அப்புறம் 6 மி.மீ. பொறிச் சோதனை, அப்புறம்தான் கிக். காயில் மாற்றியதால் டைமிங் (பொறி வரும் நேரம்) மாறாது, அதைத் தொட வேண்டாம். ஆனால் பாயின்ட் இடைவெளியை மாற்றியிருந்தால் டைமிங் நகர்ந்திருக்கும், அதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

ஆர்.எக்ஸ்.100 காரர்களுக்கு

1985-இல் வந்த ஆர்.எக்ஸ்.100-இல் பாயின்ட் கிடையாது, சி.டி.ஐ. அங்கே மேக்னெட்டில் உண்டாகும் கரன்ட்டை சி.டி.ஐ. பெட்டி நூற்றுக்கணக்கான வோல்ட்டாகக் கபாசிட்டரில் சேர்த்து வைத்து, நேரம் வந்ததும் ஒரே வீச்சில் காயிலுக்குள் கொட்டுகிறது. காயில் எதையும் சேர்த்து வைப்பதில்லை, பெருக்கிக் கொடுப்பதோடு சரி. அதனால் பிரைமரி 1 ஓமுக்கும் கீழே இருக்கும், அளந்துவிட்டு ஷார்ட் என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரே ஒயர்தான் வரும், மறு முனை உடல் வழியாக எர்த். மாட்டும் போல்ட்டில் துருவோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் காயில் செத்த மாதிரியே இருக்கும், ரீபெயின்ட் அடித்த பிறகு கிளம்பாத ஆர்.எக்ஸ்.களில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இந்தக் காயிலைப் புல்லட்டில் மாட்டினால் பாயின்ட் எரியும், புல்லட் காயிலை இதில் மாட்டினால் பொறி ஒழுங்காக வராது. வெளித்தோற்றத்தில் ஒத்துப்போகிறது என்று மாற்றி மாட்ட வேண்டாம்.

மாற்றிய பிறகு முதல் நாள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, வண்டியை அணைத்து, டாங்குக்கு அடியில் கையை விட்டுக் காயிலைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும், ஆனால் சில நொடிகள் கையை வைத்திருக்க முடிய வேண்டும். வைக்கவே முடியவில்லை என்றால் பிரைமரி அளவை மறுபடி பாருங்கள், சார்ஜிங் வோல்ட்டேஜ் 14.5-ஐத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். கழற்றிய கண்டென்சர் வேலை செய்யும் நிலையில் இருந்தால் டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள், கூடவே ஒரு செட் பாயின்ட், ஒரு பிளக் கேப். செத்த காயிலின் மேல் மார்க்கரில் பெரிதாக எழுதிவிட்டுத் தூக்கிப் போடுங்கள், ஷெட்டில் அப்படியே கிடந்தால் ஆறு மாதம் கழித்து யாராவது அதை நல்லது என்று எடுத்து மாட்டிவிடுவார்கள்.